குங்குமச் சிமிழில் மகரந்தம்

மொட்டை மாடிக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே தாமரைச்செல்வி நிழல்வலைக்குக் கீழே போய் நின்றாள். கையில் பல்குத்தும் குச்சி ஒன்று. இடுப்பில் செருகியிருந்த பழைய வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்து பார்த்தாள். முந்தின நாளே கழுவித் துடைத்ததுதான். துளிச் சிவப்பும் இல்லை. கம்பியில் வரிசையாகத் தொங்கிய மரக்கூடைகளில் எல்லாமே ஒரே இனத்து ஆர்க்கிட், வாண்டா. மண் கிடையாது. கரித்துண்டும் ஓட்டுச் சில்லும்தான். வேர்கள் அதையும் பிடித்துக்கொள்ளாமல் காற்றில் நீண்டு தொங்கின. செடி ஒன்றுபோல் இருந்தாலும் பூ ஒன்றுபோல் இல்லை. ஒன்று செம்பு நிறம். ஒன்று மஞ்சளில் தேன்கோடு. ஒன்றுக்கு உதடுபோல் நீண்ட நடுவிதழ் நீலம், அடுத்ததற்கு ரோஜா. அவள் அவற்றில் எதையும் தொடவில்லை. எந்தப் புளியமரத்தில் ஏறினாலும் கிடைக்கக்கூடிய, கைலித் துணிபோலப் பழுப்புக் கட்டம் போட்ட ஒன்று மூலையில் தொங்கியது. அதன் பூவின் நடுவே இருந்த சின்ன மூடியைக் குச்சி முனையால் நெம்பினாள். கடுகில் பாதியளவு மஞ்சள் மகரந்த மணிகள் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தன. இன்னும் இரண்டு பூக்களிலிருந்தும் எடுத்துச் சிமிழில் வைத்து மூடினாள்.

படியேறி வந்த கணவர் சிவராமன் பல் துலக்கியபடியே கேட்டார். "இந்த வெயில்ல கோட்டுச்சேரி வரைக்கும் போகத்தான் போறியா?"

"சுந்தரமூர்த்தி அண்ணன் கூப்பிட்டிருக்காரு."

"கூப்பிட்டா? கண்காட்சியிலேருந்து வந்து ரெண்டு நாள் சோறு திங்காம கெடந்தது நீதானே? நானா?"

"அவரு கூப்பிட்டது செடிக்காக. நான் போறது என் தம்பிக்காக."

சிவராமன் வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

தாமரைச்செல்வியின் தம்பி நிலவன் மின்துறையில் லைன்மேன். கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு நெடுங்காட்டுப் பக்கமும் பூவம் பக்கமும் விழுந்த மரங்களை அறுத்துக் கம்பியை மீட்கிற வேலை வாரக்கணக்கில் நடந்தது. விழுந்த புளி, இலுப்பை, பூவரசுக் கிளைகளில் இந்தச் செடி அப்பியிருந்தது. புல்லுருவி என்று மற்றவர்கள் வெட்டி நெருப்பில் போட்டார்கள். "புல்லுருவின்னா மரத்தைத் திங்கும். இது சும்மா மரத்து மேல ஒக்காந்திருக்குது, அவ்வளவுதான்" என்று சொல்லி நிலவன் அவற்றைக் காக்கிச் சட்டையில் சுருட்டி பைக்கில் கட்டிக் கொண்டுவந்தான். தலத்தெருவில் அக்கா வீட்டு மாடி அவனுக்குத் தோட்டமானது. எந்த ஊரில் எந்த மரத்திலிருந்து வந்ததோ அதுவே செடிக்குப் பெயர். மூலையில் தொங்குகிற கட்டம் போட்டது பூவத்துப் புளி. செம்பு நிறம் நெடுங்காட்டு இலுப்பை. அடுத்த கோடையில் ஒன்று பச்சை கலந்த வெள்ளையாகப் பூத்தது. கட்டம் இல்லை, கோடு இல்லை, உதட்டில்கூட நிறம் இல்லை. நிலவன் அன்று வேலைக்குப் போகாமல் அதன் முன்னால் மோட்டார் பம்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"இதுக்கு என்னடா பேரு?"

"பொறுக்கா. வெயிலுக்கு வெளுத்திருந்தாலும் வெளுத்திருக்கும். மூணு தடவை மாறாம பூத்தாத்தான் அது அதோட நெறம். அதுவரைக்கும் பேரு வைக்கக் கூடாது."

இரண்டாம் முறையும் வெள்ளையாகவே பூத்தது. மூன்றாம் பூவுக்கு அவன் இல்லை. மஞ்சள் காமாலை என்று ஆரம்பித்தது கல்லீரலில் போய் நின்றது. தனியார் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை தாமரைச்செல்விக்கு. தம்பி கையில் ஊசி குத்தியதும் அவள்தான், இயந்திரம் காட்டிய எண்களை டாக்டருக்கும் முன்னால் பார்த்ததும் அவள்தான். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவள் அலைந்துகொண்டிருந்தபோது சுந்தரமூர்த்தி வந்தார். கோட்டுச்சேரியில் மருந்துக்கடை வைத்திருப்பவர். நிலவனைப் போலவே வாண்டாப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மாடியில் உட்கார்ந்து பூவைப் பார்த்துக்கொண்டே ஒரு பேச்சும் பேசாமல் டீ குடிப்பார்கள். "வெள்ளை காயுதும்மா. நீங்க அவனைப் பாருங்க, நான் இதைப் பாத்துக்கிறேன்" என்றார். அவளே கம்பியிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தாள். நிலவன் போன பிறகு கேட்கத் தோன்றவில்லை. பிறகு கேட்கக் கூச்சமாக இருந்தது. அவராகக் கொடுப்பார் என்று காத்திருந்தாள்.

மாடித்தோட்டக்காரர்கள் சங்கம் கோடையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி நடத்தியது. வெள்ளை வாண்டா நடுமேஜையில், கறுப்புத் துணி விரித்து அதன்மேல் இருந்தது. மூன்றாம் பூ. மாறாத வெள்ளை. முதல் பரிசு. சுந்தரமூர்த்தி மேடையேறினார். தலைவர் மைக்கை நீட்டி, இந்த ரகத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார். இந்தக் கூட்டத்தில் அது ஒரு வழக்கம். முதலில் சபையில் காட்டுகிறவர் வைப்பதுதான் பெயர். சொல்லிவிட்டால் சொன்னதுதான், பிறகு எவரும் மாற்றுவதில்லை. நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தாமரைச்செல்வி முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டாள். பெயர் அவளுக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் அவள் காதுக்கு மட்டும் அது முன்பே கேட்டுவிட்டது.

"தீபா" என்றார் சுந்தரமூர்த்தி. "எம் பொண்ணு பேரு."

எல்லோரும் கைதட்டினார்கள். நிலவன் என்ற சொல்லை அவர் அன்று ஒரு முறைகூட உச்சரிக்கவில்லை.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போகாமல் அம்மையார் கோயிலுக்குப் போனாள். கணவன் அனுப்பிய மாம்பழத்தில் ஒன்றைப் பசித்து வந்த அடியாருக்குக் கொடுத்துவிட்டு நின்ற பெண்ணின் சந்நிதி. அங்கே இப்படி ஒன்றைக் கேட்கலாமா என்று அவள் யோசிக்கவில்லை. 'நாலு பேருக்கு முன்னால அவரு தலை குனிஞ்சு நிக்கணும் தாயி. அது நடந்தா, உன் திருவிழாவுக்கு ஒரு கூடை மாம்பழம் இறைக்கிறேன்.' பிள்ளை வேண்டியும் வேலை வேண்டியும் நேர்ந்துகொள்கிறவர்கள் நின்ற அதே இடத்தில், அவர்களைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு நேர்ந்துகொண்டாள். திறந்தபோது மனம் லேசாக இருந்தது. நல்லதைக் கேட்டவர்களுக்கு மட்டும்தான் அப்படி லேசாகும் என்று அதுவரை அவள் நம்பியிருந்தாள்.

ஓரிரு மாதத்தில் சுந்தரமூர்த்தியே போன் செய்தார். வெள்ளையை விதைக்கு விடப் போகிறாராம். அதன் மகரந்தத்தை அதற்கே வைத்துக் காய் பிடிக்கச் செய்து, பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் புட்டியில் கன்று வளர்த்துத் தருவார்கள். "கண்ணு ஆபரேசன் பண்ணியிருக்கேம்மா, கிட்டத்துல ஒண்ணும் தெரியல. கையும் நடுங்குது. உங்க கை ஊசி குத்துற கை. நீங்களே வந்து வச்சுக் குடுத்தா நல்லாருக்கும்."

வருகிறேன் என்றாள். போனை வைத்த பிறகு நிலவன் சொன்னது ஒன்று ஞாபகம் வந்தது. வெள்ளையோடு கட்டத்தைச் சேர்த்தால் பிறக்கிற பிள்ளை அத்தனையும் கட்டம். வெள்ளை உள்ளே பதுங்கிக்கொள்ளும், ஒன்றில்கூட முகம் காட்டாது.

கோட்டுச்சேரி வீட்டின் பின்கட்டில் வெள்ளை வாண்டா தொங்கியது. முந்தின பூத்தண்டு வாடி, புதிதாக ஒன்று நீண்டு முழுவதும் விரிந்திருந்தது. நிலவன் கட்டிய செம்புக் கம்பியிலேயே இன்னும் தொங்கியது. கம்பத்திலிருந்து மிச்சமான கம்பி, அவன் குறடு முறுக்கிய முறுக்கு. சுந்தரமூர்த்தியின் மகள் தீபா டார்ச் பிடித்தாள். கணவன் வீட்டிலிருந்து வந்து தங்கியிருந்தாள். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அத்தை, நீங்க நிக்கிறீங்களே" என்று ஒரு மூங்கில் மோடாவை இழுத்துப் போட்டாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். தாமரைச்செல்வி மோரை வாங்கிக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் எதையும் குடிப்பதில்லை என்று வரும்போதே முடிவு செய்திருந்தாள்.

சுந்தரமூர்த்தி கறுப்புக் கண்ணாடியோடு அருகில் நின்றார். "தெரியுதாம்மா?"

"தெரியுது."

வெள்ளைப் பூவின் மூடியைத் திறந்து மணிகளை எடுத்தாள். எடுத்ததை முந்தானையில் துடைத்தாள். "குங்குமம் வச்சுக்கிறேன். நல்ல காரியம்" என்று சிமிழைத் திறந்தாள். தீபா டார்ச்சை நகர்த்தாமல் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குச்சி முனை பூவத்துப் புளியின் மஞ்சளைத் தொட்டு வெள்ளைப் பூவின் பசையுள்ள குழியில் அழுத்தியது. இரண்டாம் பூ. மூன்றாம் பூ. கை நடுங்கவில்லை. எத்தனையோ குழந்தைகளின் நரம்பை ஒரே குத்தில் பிடித்த கை அது.

"அவ்வளவுதாண்ணே."

"நிலவன் இருந்திருந்தா அவன் வச்சிருப்பான்" என்றார் சுந்தரமூர்த்தி.

இந்தப் பெயர் மேடையில் உன் வாயில் வரவில்லையே என்று அவள் மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். கிளம்பும்போது மோர் வைத்த இடத்திலேயே இருந்தது. தீபா அதைப் பார்த்தாள். வாசலில் ஒரு பையை நீட்டினாள். உள்ளே வாழைப்பூ. "எங்க கொல்லையில வந்ததுங்கத்தை." அதை வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்காமல் வாங்கிக்கொண்டாள்.

மூன்றில் ஒன்றுதான் காயானது. காய் பருத்ததும், பெங்களூர் போனதும், புட்டியில் பச்சை தெரிந்ததும் எல்லாம் அவளுக்கு போனில் வந்தது. வாண்டாக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. ஒவ்வொரு படம் வரும்போதும் மற்றவர்கள் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். அவளும் அனுப்பினாள். பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்கள் சுழலும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள். கோபம் ஆறிவிடும் என்று பயந்த நாட்களில் மண்டபத்துக் கைதட்டலை நினைத்துக்கொள்வாள். உடனே அது பழைய சூட்டுக்கு வந்துவிடும். ஒரு செடியை வளர்ப்பதற்கு வேண்டிய பொறுமை எல்லாம் இதற்கும் வேண்டியிருந்தது. தண்ணீர் அதிகமானாலும் கெடும், குறைந்தாலும் கெடும். கோடைதோறும் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா வரும்போது மட்டும், இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று அம்மையாரிடம் தவணை சொல்வாள்.

புட்டியை விட்டு வெளியே வந்து, கோட்டுச்சேரி நிழல்வலைக்குக் கீழே ஒரு சாண் வளர்ந்த பிறகு சுந்தரமூர்த்தி கன்றுகளைப் பங்கிட எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். யாரிடமும் எதுவும் வாங்கப்போவதில்லை என்று முன்பே சொல்லிவிட்டார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற தங்கப்பன் இரண்டு கூடையை அப்போதே கையில் தூக்கிக்கொண்டு, "ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் கொழுந்தியாளுக்கு" என்றார்.

"ஒங்களுக்குக் கொழுந்தியாளே கெடையாதே!"

"இனிமே வரக்கூடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். தாமரைச்செல்வி குனிந்து வேர்களைப் பார்த்தாள். வெள்ளைக்குப் பிறந்த வெள்ளையாக இருந்தால் வேர் நுனி சுத்தப் பச்சையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஊதா பாய்ந்திருந்தது. நல்ல கண் உள்ள எவரும் கண்டுபிடித்துவிடலாம். கண் உள்ளவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரருக்கு ஆபரேசனுக்குப் பிறகும் கண் இல்லை. அவளுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது. அப்போதுதான் கூடைகளில் கட்டியிருந்த சின்னத் தகரப் பட்டைகளை வாசித்தாள். ஆணியால் குத்திக் குத்தி எழுதிய எழுத்து. நிலவன். அடுத்ததைத் திருப்பினாள். நிலவன். எல்லாவற்றிலும் நிலவன்.

"முதல் கூடை உங்களுக்கும்மா" என்று சுந்தரமூர்த்தி நீட்டினார். தங்கப்பனும் மற்றவர்களும் பேச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தார்கள். "தாய்ச்செடிக்கு வாய் தவறிப் போச்சு. இனிமே ஊர் பூரா இவன் பேருதான் பூக்கும்."

அவள் வாங்கிக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. எல்லோரும் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்கள். தாய்ச்செடிக்கு உன் மகள் பேர், மிச்சம் மீதிக்கு என் தம்பி பேரா என்று அவள் பற்களுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதில் முன்பிருந்த சூடு இல்லை.

கைகழுவப் பின்கட்டுக்குப் போனபோது தீபா துண்டோடு வந்து நின்றாள். இப்போதும் பிறந்த வீட்டில்தான் இருந்தாள். "அத்தை, ஒண்ணு சொல்லணும். மேடையில அப்பா என் பேரைச் சொன்னாருன்னு கேட்டப்ப எனக்கே திக்குன்னுச்சு. அதுக்கு முந்தின வாரந்தான் எனக்குக் கலைஞ்சிருந்துச்சு. நாலாவது தடவை. நான் யாருகிட்டயும் பேசாம படுத்தே கெடந்தேன். கொஞ்சம் சிரிப்பேன்னு நெனைச்சிருக்காரு. வீட்டுக்கு வந்ததும், 'அய்யோ, நிலவன் பேரையில்ல சொல்லியிருக்கணும்'னு சட்டையக் கூடக் கழட்டாம ஒக்காந்திருந்தாரு."

"சிரிச்சியா?" என்று கேட்டாள் தாமரைச்செல்வி. ஏன் அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இல்லத்தை."

அதன் பிறகு அவள் காத்திருந்தது வேறு விதமான காத்திருப்பு. அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். இந்தக் கன்றுகள் வெள்ளை பூக்காது என்று ஒரு வரி போதும். அதைச் சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். அதைவிட, அவர் தலைகுனிவதைப் பார்க்கும் ஆசை அவளுக்கு முழுக்கப் போய்விடவில்லை. போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு படுத்தால் காலையில் அது அவளுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும். கூடையை நிலவனின் படத்துக்கு நேரே, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். பூக்காமல் இரு என்று சொல்லிக்கொண்டே தினமும் தண்ணீர் தெளித்தாள். அது நன்றாகவே வளர்ந்தது. யார் ஊற்றினாலும், எதற்காக ஊற்றினாலும் தண்ணீரை எடுத்துக்கொள்கிற சுபாவம் செடிகளுக்கு.

இந்த ஆண்டு வைகாசியில் முதலில் தங்கப்பன் வீட்டில் பூத்தது. குழுவில் படம் வந்தபோது தாமரைச்செல்வி ஒரு கிழவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பழுப்புக் கட்டம். கீழே தங்கப்பன் எழுதியிருந்தார்: 'அண்ணாச்சி, வெள்ளை வேட்டி கேட்டா கைலி குடுத்துட்டீங்களே!' தொடர்ந்து சிரிப்புப் பொம்மைகள். இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. எல்லாம் கட்டம். வெள்ளையைத் தனக்கு வைத்துக்கொண்டு புளியமரத்துக் கழிவை ஊருக்குக் கொடுத்துவிட்டார் என்று ஒருவர் எழுதினார். கண்காட்சியில் வைத்ததே ஏதோ மருந்தில் வெளுத்த பூ, மருந்துக்கடைக்காரர் அல்லவா என்றார் இன்னொருவர். சுந்தரமூர்த்தி ஒரே ஒரு பதில் போட்டார். 'எனக்கும் விளங்கவில்லை. மன்னிக்கவும்.' சங்கக் கூட்டத்துக்கு அவர் போனபோது யாரும் பக்கத்தில் உட்காரவில்லை என்றும், எழுந்து ஏதோ சொல்லப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார் என்றும் கேள்விப்பட்டாள்.

நேர்ந்தது நேர்ந்தபடியே. நாலு பேர் முன்னால். தலை குனிந்து.

அவள் போனை எடுத்து அந்தச் செய்திகளை மறுபடி வாசித்தாள். முதல் வாசிப்பில் இனித்தது உண்மை. மறுபடி வாசித்தபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது. 'எங்க வீட்டு நிலவனும் வெறும் கட்டந்தான்.' 'நிலவன் ஏமாத்திட்டான்.' 'நிலவனைத் தூக்கிக் கொல்லையில போட்டாச்சு.' தகரத்தில் இருந்த பெயரைத்தான் அவர்கள் எழுதினார்கள். வேறெப்படி எழுதுவார்கள்? அவள் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அந்த வாரம் சுந்தரமூர்த்தி தலத்தெருவுக்கு வந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் பை. மறுகையால் படிச்சுவரைத் தடவித் தடவி மேலே வந்தார். அவள் ஜன்னலில் தொங்கிய செடியும் அன்று காலைதான் விரிந்திருந்தது. அவர் முகத்தை அதற்கு மிக அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதுவுமா?"

"இதுவும்தாண்ணே."

"வெள்ளையும் போச்சும்மா. போன மழையில குருத்துல தண்ணி நின்னு அழுகிடுச்சு. என் கண்ணுக்குத் தெரியல. வெளியில சொல்லல. பிள்ளைங்க இருக்குதேன்னு நெனைச்சேன்." பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். செம்புக் கம்பி. நிலவன் முறுக்கியது. "இதையாச்சும் உங்ககிட்ட குடுத்துடலாம்னு வந்தேன்."

அவள் டீ போடப் போனாள். அடுப்படியில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பி வந்தபோது அவர் நிலவனின் படத்துக்கு முன்னால் நின்றிருந்தார். படத்துக்குக் கீழே விளக்கு, திருநீற்றுக் கிண்ணம், வெள்ளிச் சிமிழ். அன்றைக்குப் பிறகு அவள் அதில் குங்குமம் இடவே இல்லை. வெறுமையாகத் திறந்து கிடந்தது.

"அதோட மகரந்தத்தை அதுக்கே வச்சா பிள்ளை எல்லாம் வெள்ளையாத்தானம்மா வரணும்?" அவர் திரும்பாமல் கேட்டார். "நிலவன் அப்படித்தானே சொல்லுவான்?"

டம்ளர் அவள் கையில் சுட்டது. கீழே வைக்கவில்லை. "கட்டத்துக்குள்ளதாண்ணே வெள்ளை இருக்குது. இதையும் உங்க வீட்டுல பூத்ததையும் சேர்த்து வச்சா, நாலுல ஒண்ணு வெள்ளையா வரும். அதையும் நிலவன் சொல்லியிருக்கான்."

"இன்னும் நாலஞ்சு வருசம்."

"ஆமா."

"எனக்குக் கண்ணு இருக்காதே."

"நான் வச்சுத் தரேன்."

அவர் டீயை வாங்கிக்கொண்டார். நெடுநேரம், பழைய ஞாயிற்றுக்கிழமைகளைப் போல, பூவைப் பார்த்தபடி பேசாமல் குடித்தார். எழும்போது, "அன்னிக்கும் நீங்கதான் வச்சுத் தந்தீங்க" என்றார். குற்றமாகச் சொன்னாரா, நன்றியாகச் சொன்னாரா என்று அவர் குரலில் தெரியவில்லை. படியில் இறங்கும்போது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படியாக, "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று சொல்லிக் கீழே கொண்டுவந்து விட்டாள்.

ஆனி பௌர்ணமி வந்தது. நேர்ந்துகொண்டதைக் கொடுக்காமல் இருக்க முடியாது. கேட்டது நடந்துவிட்டது. கேட்டது எப்படிப்பட்டதாக இருந்தாலும் கடன் கடன்தான். ஊர்வலம் போகிற வீதியில் அவளோடு வேலை பார்க்கும் தையல்நாயகியின் வீடு இருந்தது. அந்த மாடிக்குச் சிவராமன் மாம்பழக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன வேண்டுதல்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டேங்கிறியே."

"நிறைவேறிடுச்சு. அவ்வளவுதான்."

"நல்ல வேண்டுதல்தானே?"

அவள் கூடையைச் சுவரோரமாக நகர்த்தினாள். பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முதல் பழத்தைக் குழந்தையின் கையால் தொடவைத்துக்கொண்டிருந்தாள். கீழே வீதி முழுக்கத் தலையாக இருந்தது. மேளச் சத்தம் நெருங்கியது. பிச்சை கேட்டு வரும் சிவனான பிச்சாண்டவரின் பல்லக்கு முனை திரும்பியதும் எல்லா மாடிகளிலிருந்தும் பழம் பறக்க ஆரம்பித்தது. கீழே கைகள் எம்பின. மஞ்சளாய் விழுந்ததை எல்லாம் தாவிப் பிடித்தார்கள். பிடித்த பழத்தைத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்று வருகிறவர்கள்தான் அதில் பாதி.

அப்போதுதான் அவரைப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் சாத்திய கடைக்கு முன்னால், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சுந்தரமூர்த்தி தோள்துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் தீபா, கூட்டத்தின் இடி அவர்மேல் விழாமல் முதுகைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை ஆண்டுகளும் வந்திருப்பார் என்று தாமரைச்செல்விக்கு உறைத்தது. ஒவ்வொரு ஆண்டும் இப்படித்தான் விரித்துக்கொண்டு நின்றிருப்பார். பழம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. சத்தம் வந்த திசைக்கெல்லாம் துண்டைத் திருப்பினார். முகத்துக்கு நேரே வந்ததைப் பக்கத்திலிருந்தவன் எம்பித் தட்டிக்கொண்டு போனான்.

கூடையின் மேலே இருந்த பழத்தை எடுத்தாள். எதற்காக இதை வாங்கினாளோ அந்த ஞாபகம் உள்ளங்கையில் கனத்தது. அவர் தலை குனிந்ததற்கான பழம். அம்மையே, இதை நீ எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வாய் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். பல்லக்கு அவள் நின்ற மாடிக்கு நேராக வந்துகொண்டிருந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். இடைவெளியை அளந்தாள். குழந்தையின் கையில் நரம்பைத் தேடும்போது மூச்சு நிற்பதுபோல நின்றது. வீசினாள்.

வீசிய பிறகுதான் அவர் துண்டு வேறு பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்தாள்.

"அண்ணே!" அத்தனை மேளத்துக்கும் மேலே அவள் கத்தினாள். "இந்தப் பக்கம்! அண்ணே, இங்க, இங்க!"

சுந்தரமூர்த்தி அந்தக் குரலுக்கு முகத்தைத் தூக்கினார். துண்டு அவள் பக்கமாகத் திரும்பியது. அவர் தோளுக்கு மேலே தீபாவின் இரண்டு கைகளும் உயர்ந்தன. வெயிலில் ஒரு பக்கம் சிவந்து, ஒரு பக்கம் இன்னும் பச்சையாக, பழம் வந்துகொண்டிருந்தது.